ஆப்பில் 23 பேரைப் பார்த்தேன், பழகியது ஒரு வகுப்பில்

ஆறு வாரம். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து ஒரு மணி, சில நாள் இரண்டு மணி வரைக்கும், டேட்டிங் ஆப்பில் அறிமுகமான ஒருவரோடு சாட். அவருடைய அப்பாவின் கடைசி நாட்கள், என் வேலையில் நடந்த ஒரு பெரிய சண்டை, சின்ன வயதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயங்கள் என்று எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் கொட்டியிருந்தோம். அப்புறம் ஒரு சனிக்கிழமை நேரில் போய் உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறந்து "வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டார், அந்த ஒரு விநாடியில் எனக்குள் ஏதோ சறுக்கியது. குரலில் ஒரு குறையும் இல்லை, நல்ல குரல்தான். ஆனால் ஆறு வாரமாக அவருடைய மெசேஜ்களை நான் வேறொரு குரலில் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் குரலை அவருக்குக் கொடுத்தது நான்.

அவருக்கும் அதேதான் நடந்தது என்று நினைக்கிறேன். சிரிப்பு அரை விநாடி தாமதமாக வந்தது, கண் அடிக்கடி மேஜைக்குப் போனது. இருபது நிமிடத்தில் இருவரும் பேச விஷயம் தேட ஆரம்பித்துவிட்டோம். அந்தரங்கமானதை எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்தாயிற்று, சாதாரணமாகப் பேசிக்கொள்ளத்தான் எங்களுக்குப் பழக்கமே இல்லை. அன்று ராத்திரி இருவருமே மெசேஜ் அனுப்பவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு மனிதரை இழந்த மாதிரி இரண்டு வாரம் எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. யாரை இழந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் பதினொன்றாவது ஆள். இரண்டு வருஷம் நான்கு மாதத்தில் டேட்டிங் ஆப் வழியாக மொத்தம் 23 பேரை நேரில் சந்தித்திருக்கிறேன். கடைசியில் எனக்கு அமைந்த உறவு ஆப்பிலிருந்து வரவில்லை, ஒரு வகுப்பறையிலிருந்து வந்தது. போன வாரம், விவாகரத்துக்குப் பிறகு மறுபடி ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கும் தோழி ஒருத்தி "ஆப் போடவா, இல்ல நேர்ல யாராவது அமையட்டும்னு இருக்கவா?" என்று கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆப்புக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 23 பேரில் ஒருவரைக்கூட நான் வேறு வழியில் சந்தித்திருக்க மாட்டேன். எனக்கு முப்பது வயது தாண்டியபோது நண்பர்கள் வட்டம் சுருங்கியிருந்தது, இருந்தவர்கள் எல்லாம் ஜோடியாகிவிட்டார்கள், வேலையிடத்தில் அதே எட்டு முகம். என்னைப் போன்றவர்கள் நிறைய பேர் என்பது ஆய்வுகளிலும் தெரிகிறது. அமெரிக்காவில் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2017-ல் சந்தித்துக்கொண்ட ஆண்-பெண் ஜோடிகளில் ஏறக்குறைய 39 சதவீதம் பேர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். நண்பர்கள் வழியாக என்பது 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ஒருபாலீர்ப்புள்ளவர்களிடம் இணையத்தின் பங்கு இதைவிட மிக அதிகம். யார் எப்படிப்பட்டவர் என்று கேட்கவே பயப்பட வேண்டிய சூழலில் இருப்பவர்களுக்கு, இரவு வேலை பார்ப்பவர்களுக்கு, ஒற்றைப் பெற்றோராகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு, வெளியே நடமாடுவதே சிரமமாக இருப்பவர்களுக்கு ஆப் ஒரு பெரிய கதவு. அதை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. அறிமுகத்தைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆப் தருவது அறிமுகம். 'பழகுதல்' என்ற நம்முடைய சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவரோடு நட்பாவதற்கும் அதே சொல்தான், புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதற்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் நாள் பிடிக்கும், இரண்டும் போட்டு நடந்தால்தான் நடக்கும். ஒருவரையொருவர் பார்க்காமலே உயிர் நட்பு கொண்ட கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இல்லையா என்று கேட்கலாம். அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் ஒரே வீட்டில் வாடகையும் துவைக்கிற துணியும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பதினொன்றாவது ஆளோடு எனக்கு நடந்ததற்கு ஆய்வில் ஒரு விளக்கம்கூட இருக்கிறது. ஜோசஃப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-லேயே இதை விளக்கியிருக்கிறார். எழுத்தில் மட்டும் பேசும்போது நாம் நம்மைத் திருத்தித் திருத்தி அழகாகக் காட்டுகிறோம், எதிராளியைப் பற்றித் தெரியாத இடங்களை நமக்குப் பிடித்தபடி நிரப்பிக்கொள்கிறோம், அதனால் நேரில் பழகுவதைவிட அதிக நெருக்கம் தோன்றிவிடுகிறது என்பது அவருடைய வாதம். அப்போது இந்த ஆப்களெல்லாம் கிடையாது, மின்னஞ்சல் காலம். படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன், தோழிக்கும் அதையே சொன்னேன். மேட்ச் ஆன, அதாவது ஆப்பில் இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்த, நாலைந்து நாளில் ஒரு சின்ன வீடியோ கால், பதினைந்து நிமிடம் போதும். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் நேரில். அதற்கு மேல் தள்ளிப்போனால் மரியாதையாகச் சொல்லிவிட்டு விடைபெறுவது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சாட் கிடையாது. சோர்ந்த மனசு அந்த நேரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ளும், அது எதிரே இருப்பவரின் அருமையால் இல்லை. வீடியோ காலில் அழகை யாரும் பார்க்க வேண்டாம். நாம் பேசும்போது அவர் இடையில் மறிக்கிறாரா, நாம் சொன்னதிலிருந்து ஒரு கேள்வியாவது கேட்கிறாரா, ஒரு சின்ன மௌனம் வந்தால் பதறுகிறாரா என்று பார்த்தால் போதும். மூன்றாவது கேள்விக்குள் எனக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டாவது ஆளிலிருந்து 23 வரைக்கும் எனக்கு ஏமாற்றங்கள் இருந்தன, ஆனால் துக்கம் இல்லை. அதுவே பெரிய வித்தியாசம்.

ப்ரொஃபைல் பற்றி இரண்டு வார்த்தை. காட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் மூவரும் 2008-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். 80 பேரை நேரில் வரவழைத்து உயரத்தையும் எடையையும் அளந்து, வயதையும் சரிபார்த்து, ப்ரொஃபைலோடு ஒப்பிட்டார்கள். 81 சதவீதம் பேர் இந்த மூன்றில் ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்னப் பொய்கள். என் பொய் ஒரு புகைப்படம். நான்கு வருஷம் பழையது. அதில் முடி நீளமாக இருக்கும், கன்னம் நிரம்பியிருக்கும், நடுவில் வந்த ஒரு நீண்ட காய்ச்சலுக்கு முன்னால் எடுத்தது. ஆறாவதோ ஏழாவதோ சந்திப்பில், வாசலில் நின்ற அவர் கண் என் மேல் பட்டு, தாண்டிப் போய், கூட்டத்தில் தேடி, மறுபடி என்னிடம் திரும்பி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பண்பாகத்தான் பேசினார். ஆனால் அந்தக் கண் தாண்டிப் போனதை நான் ரொம்ப நாள் மறக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து பழைய படத்தை எடுத்துவிட்டு, அந்த மாதம் எடுத்த, மேக்கப் இல்லாத, முழு உருவமும் தெரிகிற ஒன்றைப் போட்டேன். மேட்ச் குறைந்தது. வந்தவர்கள் என்னைத் தேடவில்லை, நேராக என்னிடம் நடந்து வந்தார்கள்.

எழுதும் இடத்தில் 'பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்' என்று போடுவதால் ஒரு பயனும் இல்லை. யாருக்குத்தான் பிடிக்காது? போன மாதம் எதில் மூழ்கியிருந்தீர்களோ அதை எழுதுங்கள். நான் 'பழைய மேஜை விளக்குகளைப் பிரித்துச் சரிசெய்வேன், இப்போது ஒன்று என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதிய பிறகு வந்த முதல் மெசேஜ்களே வேறு மாதிரி இருந்தன.

பொருத்தம் இத்தனை சதவீதம் என்று ஆப் காட்டுவதையும் நான் ஒரு காலத்தில் நம்பினேன். 2012-ல் ஈலை ஃபிங்கெலும் சக உளவியலாளர்களும் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையில், இந்தப் பொருத்தக் கணக்குகள் உறவுகளை மேம்படுத்துகின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று எழுதினார்கள். 2017-ல் சமந்தா ஜோயலும் ஃபிங்கெல், ஈஸ்ட்விக் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். சிலரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கி, அவர்களை நேரில் சில நிமிடம் பேசவைத்து, யாருக்கு யாரை விசேஷமாகப் பிடிக்கும் என்பதைக் கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தார்கள். முடியவில்லை. யார் பொதுவாக எல்லோருக்கும் பிடித்தவர் என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது, இந்த இருவருக்குள் பொறி பற்றுமா என்பதைச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் அது உருவாகிறது, அதற்கு முன்னால் எந்தப் படிவத்திலும் அது கிடையாது.

படத்தைப் பார்த்துத் தள்ளுவதிலும் இதே சிக்கல்தான். ஓகேக்யூபிட் என்ற தளம் 2013 ஜனவரியில் ஒருநாள் சில மணி நேரத்துக்கு எல்லாப் படங்களையும் மறைத்தது. அந்த நேரத்தில் முதல் மெசேஜ்களுக்கு வந்த பதில்கள் கூடின என்று பிறகு அந்தத் தளத்தின் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரட்டர் எழுதினார். படங்கள் திரும்ப வந்ததும், நன்றாகப் போய்க்கொண்டிருந்த உரையாடல்களே அறுந்து போயின. எனக்கு இதைப் படித்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. கட்டைவிரலால் நான் தள்ளிவிட்ட முகங்கள் எத்தனை ஆயிரம் இருக்கும்.

இப்போது வகுப்பு.

என் வேலையிடத்தில் காது கேளாத ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். கூட்டங்களில் அவர் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்தியது, அதனால் வாரம் ஒருமுறை மாலையில் இரண்டு மணி நேரச் சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன். யாரையும் சந்திக்கப் போகவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதற்கு முந்தைய வருஷம் ஓர் ஓட்டக் குழுவில் ஆள் தேடும் கண்ணோடுதான் சேர்ந்தேன், அதன் கதை பின்னால் வருகிறது.

பன்னிரண்டு பேர். ஆசிரியர் காது கேளாதவர். உள்ளே வந்ததும் குரலுக்குத் தடை, இரண்டு மணி நேரமும் கைகளும் முகமும்தான். சைகை மொழியில் முகம் இலக்கணத்தின் பகுதி. பல நாட்டுச் சைகை மொழிகளில் ஆம்-இல்லை கேள்விக்குப் புருவத்தை உயர்த்த வேண்டும், எங்கே, யார், ஏன் என்று கேட்கும்போது சுருக்க வேண்டும். புருவம் அசையாவிட்டால் அது கேள்வியே ஆகாது. பேசுகிறவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்தால் பாதி வாக்கியம் போய்விடும். முதல் மூன்று வகுப்பும் எனக்கு நரகமாக இருந்தது. ஃபோன் வந்த பிறகு ஒருவர் முகத்தைத் தொடர்ந்து பத்து நிமிடம் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன், பதில் வரவில்லை.

எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் நாற்காலிகள் அரைவட்டமாக இருக்கும். வகுப்பு நடக்க நடக்க அந்த வட்டம் கலையும், யாராவது பின்னால் நகர்வார்கள், யாராவது குறுக்கே வருவார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி, ஓரத்தில் இருந்த வயதான ஒரு பெண்மணிக்கு மறைக்காதபடி வரிசையைச் சரிசெய்துவிட்டு உட்காருவார். யாரும் சொல்லவில்லை, ஆசிரியரும் கவனிக்கவில்லை. நான்காவது வாரத்திலிருந்து நான் கவனித்தேன். மனசுக்குள் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர் வைத்தேன்.

அவரைப் பார்த்த உடனே ஒன்றும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அவரும் அதே ஆப்பில் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறார். பின்னால் ஒருநாள் அந்த ப்ரொஃபைலைக் காட்டினார். குனிந்த தலை, மங்கலான படம், இரண்டே வரி. நான் அதைத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன், ஒருவேளை ஏற்கெனவே அப்படிப் போயிருக்கவும் செய்யலாம். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்குகிற குணத்தை எழுத அந்த ஆப்பில் ஒரு கட்டமும் இல்லை. எழுதினாலும் யார் நம்புவார்கள், அதைப் பார்க்கத்தான் வேண்டும், அதுவும் அவர் அறியாமல் பார்க்க வேண்டும். நேரில் பழகுவதில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான். நமக்காக நடந்துகொள்ளாத நேரத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது கண்ணில் படுகிறது. டேட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நமக்காகவே ஒரு மணி நேரம் நல்லவராக இருக்கிறார். தப்பில்லை, நாமும் அப்படித்தான் இருக்கிறோம்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதே ஒருவரைப் பிடிக்கவைக்கும் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மோர்லண்ட், பீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1992-ல் வெளியிட்டது. தோற்றத்தில் ஒரே மாதிரியான நான்கு பெண்களில் ஒருவர் ஒரு பல்கலைக்கழக வகுப்புக்குப் போகவே இல்லை, மற்ற மூவரும் 5, 10, 15 தடவை போய் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து வந்தார்கள். பருவம் முடிந்து மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டியபோது, அதிக தடவை வந்தவர் அதிகம் பிடித்தவராக இருந்தார். ஒரு வார்த்தை பேசாமலே. ஆப்பில் இந்த ஐந்தாவது தடவை, பத்தாவது தடவை கிடையாது. முதல் தடவையிலேயே முடிவு.

இன்னொரு கணக்கு. ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது என்றார். இது நட்புக்கான கணக்கு, காதலுக்கு இல்லை. ஆனாலும் நான் என் 23 பேரையும் இதோடு வைத்துப் பார்த்தேன். ஒருவரோடு அதிகபட்சம் ஆறு மணி நேரம். பெரும்பாலானவர்களோடு ஒன்றரை. ஒன்றரை மணி நேரத்தில் 'ஒன்றும் தோன்றவில்லை' என்று நான் ஒதுக்கிய மனிதர்கள் அவர்கள். வகுப்பில் நாற்காலிக்காரரோடு ஒன்றரை மணி நேரம் என்பது முதல் வகுப்பே முடியாத நேரம்.

இதற்காக நேரில் சந்திப்பதுதான் உத்தமம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதன் வலியும் எனக்குத் தெரியும். ஓட்டக் குழு என்றேனே. அங்கே இரண்டாவது வாரமே ஒருவரிடம், எல்லோரும் நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வேறு இருவர் காதில் விழுகிற தூரத்தில், தனியாகச் சந்திக்கலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்து, "இல்லைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்தக் குழுவில் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தவர் அவர், நான் வந்து இரண்டு வாரம். ஒருவர் ஆசையாக வந்து போகிற இடத்தை நான் அவருக்குக் கெடுத்தேன். இப்போதும் அது எனக்கு வருத்தம்தான்.

ஆப்பில் வேண்டாம் என்பது எளிது. பதில் போடாவிட்டால் முடிந்தது. கோஸ்டிங் என்று அதைத் திட்டுகிறோம், ஆனால் அங்கே எல்லோரும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதாவது வெளிச்சமாகத் தெரியும். நேரில் அது தெரியாது. இவருக்கு ஆள் இருக்கிறதா, இவர் தேடுகிறாரா, என்னிடம் சிரிப்பது சுபாவமா விருப்பமா, எல்லாமே ஊகம். மறுத்துவிட்டால் அடுத்த வாரமும் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். வேலையிடத்தில் ஒருவர் மேல் இன்னொருவருக்கு அதிகாரம் இருந்தால் அவரால் மறுக்கவும் முடியாது, அதனால் அங்கே கேட்கவே கூடாது என்பது என் முடிவு. வகுப்பில் ஆசிரியருக்கும் அதேதான்.

அதனால் இரண்டாம் தடவை நான் அவசரப்படவில்லை. ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். முதலில் வகுப்பு முடிந்து நாலைந்து பேராகச் சேர்ந்து பயிற்சி செய்ய உட்கார்ந்தோம், அப்புறம் காது கேளாதோர் சங்கத்தின் ஒரு விழாவுக்கு எல்லோருமாகப் போனோம், அப்புறம்தான் தனியாக. கேட்கும்போது மறுப்பதற்கு இடம் விட்டுக் கேட்டேன். வகுப்பின் கடைசி நாளுக்கு முந்தைய வாரம், வெளியே நடந்து வரும்போது, "உங்களோட வெளியே எங்கயாவது போகணும்னு ஆசையா இருக்கு, டேட் மாதிரி. யோசிச்சு சொல்லுங்க, வேண்டாம்னாலும் அடுத்த வாரம் நான் இதே மாதிரிதான் பேசுவேன்" என்றேன். 'டேட்' என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னேன். சும்மா சந்திக்கலாமா என்று மழுப்பினால் எதிரே இருப்பவர்தான் அர்த்தம் தேடித் தவிக்க வேண்டும். அவர் ஐந்து மாதமாகத் தன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இதுவும் ஆய்வில் இருக்கிறது. எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-ல் காட்டியது: புதிதாகப் பேசிவிட்டு வரும் இருவருமே, எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஒரு பேச்சு சுமாராகப் போனது என்று நீங்கள் நினைத்தால், அவருக்கு அதைவிட நன்றாகத்தான் போயிருக்கும்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஒப்பாது. ஆப்பில் வந்த ஒருவர், சந்திக்கும் முன்பே, மூன்றாவது வாரத்தில், வெளியூரில் மாட்டிக்கொண்டேன், கார்டு முடங்கிவிட்டது என்று பணம் கேட்டார். அனுப்பும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன். வீடியோவில் வாருங்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன், அவருக்குக் கோபம் வந்தது, பிறகு கணக்கே காணாமல் போனது. அவருடைய படத்தைக் கூகுளில் போட்டுத் தேடியபோது வேறொரு பெயரில் யாரோ ஒருவர். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2022-ல் மட்டும் இப்படிக் காதல் மோசடியில் ஏமாந்ததாக ஏறக்குறைய 70,000 பேர் புகார் கொடுத்தார்கள், இழந்தது 130 கோடி டாலர். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இருந்துவிட்டவர்கள் தனி. நேரில் பார்க்காத ஒருவருக்குப் பணம், பரிசு அட்டை, கிரிப்டோ எதுவும் கிடையாது, எந்தக் கதைக்கும் கிடையாது. அவர் காட்டும் முதலீட்டிலும் கை வைக்காதீர்கள். இப்போது வீடியோவில்கூட முகத்தை மாற்றிக்காட்ட முடிகிறது, அதனால் வீடியோ கால் ஒரு சல்லடைதான், சான்றிதழ் இல்லை.

முன்பு நண்பர் வழியாகச் சந்தித்தபோது 'ஆள் எப்படி?' என்று விசாரிக்க ஒருவர் இருந்தார், தப்பாக நடந்தால் அவருடைய பெயரும் கெடும் என்ற பயம் இருந்தது. ஆப்பில் அந்த நடு ஆள் இல்லை. அவருடைய வேலையை நாமே செய்ய வேண்டும். யாரை, எங்கே, எத்தனை மணிக்குச் சந்திக்கிறேன் என்பதை ப்ரொஃபைலின் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒரு தோழிக்கு அனுப்பிவிடுவேன், லைவ் லொகேஷனும் ஆன். ஆள் நடமாட்டமுள்ள இடம், நானே போய் நானே திரும்புவது. கிளம்பும்போது 'முடிந்தது' என்று ஒரு மெசேஜ். இதைப் பார்த்து முகம் சுளித்த ஒருவரோடு இரண்டாவது சந்திப்புக்கு நான் போகவில்லை.

தோழிக்கு என்ன சொன்னேன்? இரண்டையும் செய் என்றேன். ஆப் போடு, ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் பேசாதே. முதல் சந்திப்பில் பயமோ அருவருப்போ இல்லையென்றால், 'ஒன்றும் தோன்றவில்லை' என்பதற்காக விட்டுவிடாதே, மூன்று தடவை பார். இரண்டாவது தடவை எதிரெதிரே உட்கார்ந்து நேர்முகத் தேர்வு நடத்தாமல், பக்கத்தில் பக்கத்தில் நின்று கையால் ஏதாவது செய்கிற இடத்துக்குப் போ. கண்காட்சியில் நட, மண்ணைக் குழை, நாய்கள் காப்பகத்தில் சேர்ந்து வேலை செய். ஒரு காரியத்தில் சிக்கல் வரும்போது அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துவிடும். அதோடு கூட, வாரம் தவறாமல் அதே மனிதர்கள் வருகிற ஓரிடத்தில் சேர். அங்கே ஆள் தேடாதே. உனக்கு உண்மையிலேயே பிடித்ததாக இருக்கட்டும், ஒருவரும் அமையாவிட்டாலும் அந்த மாலை உனக்கு மிச்சம். என் வகுப்பில் எனக்கு நாற்காலிக்காரர் கிடைக்காமல் போயிருந்தாலும், இன்றைக்கு வேலையிடத்தில் அந்தப் புதியவர் என்னிடம் கையசைத்து வம்பு பேசுகிறார், அவருடைய நோட்டுப் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கிறது.

அவள் இன்னும் ஆப் போடவில்லை. ஒரு பாட்டுக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள், பள்ளி முடித்ததிலிருந்து வாய்விட்டுப் பாடியதே இல்லையாம்.

நாங்கள் இருவரும் இப்போது இரண்டாம் நிலை வகுப்பில் இருக்கிறோம். சைகை மொழியில் ஒருவருக்குப் பெயர்ச் சைகை என்று ஒன்று உண்டு, அதை நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது, காது கேளாதோர் சமூகத்தில் ஒருவர் நம்மோடு பழகிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். போன புதன்கிழமை ஆசிரியர் எனக்கு ஒன்று கொடுத்தார். ஒரு விரலைப் புருவத்துக்கு மேல் வைத்து உயர்த்துவது, நான் எப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால். அப்புறம் நாற்காலிக்காரர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் எதையோ தூக்கி, அரை அடி நகர்த்தி, மெதுவாகக் கீழே வைத்தார். அவரும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.